ஒரு இடத்துல உட்காருடா

1980-களில், புதுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில், பதின்மூன்று பதினான்கு வயசுப் பையன்கள் மேல் எல்லோரும் சுமத்திய குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். அப்பத்தா சொல்வாள், அப்பா சொல்வார், கணக்கு வாத்தியார் பிரம்போடு சொல்வார். வீட்டுக்கு வந்த விருந்தாளி என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "என்ன தம்பி, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்பார். தேர்த் திருவிழாவுக்கு வந்த கைரேகைக்காரர்கூட உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "இது அலைச்சல் கையாச்சே" என்று அம்மாவிடம் சொல்லி எட்டணா வாங்கிக்கொண்டு போனார்.

அப்பத்தாவின் வைத்திய சாஸ்திரப்படி, தின்ற சோறு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் தின்றவன் அசையக் கூடாது. "ஆடி ஆடியே உடம்பு கரைஞ்சு போச்சு, நெஞ்செலும்பை எண்ணிரலாம் போலருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிடுவாள். அந்த முறையீட்டின் பேரில் என்னை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், சதை பிடிப்பதற்கு ஒரு சிவப்பு டானிக் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு அறிவுரை. "வெயில்ல ஓடாம நிழல்ல உக்காந்து படி."

என் மகனுக்கு இப்போது பதினான்கு வயசு. உட்கார்ந்திருக்கிறான். காலை ஆறே முக்காலுக்கு வேனில் உட்காருகிறான், அங்கிருந்து இறங்கி வகுப்பில் உட்காருகிறான், மறுபடி வேன், பிறகு டியூஷன், பிறகு சோபா. எங்கள் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டதை, யாரும் கேட்காமலே இந்தப் பிள்ளைகள் நிறைவேற்றித் தந்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் நாம் அவர்களை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். போன மாதம் ஒரு டாக்டர் அவனை எடை மேடையில் நிறுத்தி, கழுத்தின் பின்பக்கம் கறுத்திருக்கிறதா என்று காலரை விலக்கிப் பார்த்தார். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் அங்கே கறுக்குமாம். பிறகு என்னைப் பார்த்து, "வெயில்ல நல்லா ஓடியாடி விளையாடச் சொல்லுங்க சார்" என்றார். டானிக் டாக்டரையும் இவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

பிள்ளைகள் எந்த அளவுக்குப் பணிந்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கும் உண்டு. 2019 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லான்செட் குடும்பத்து மருத்துவ இதழ் ஒன்றில் அதை வெளியிட்டார்கள். 146 நாடுகள், 11 முதல் 17 வயது வரை 16 லட்சம் பள்ளிப் பிள்ளைகள். தினம் 60 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைத்தால் பாஸ். 100-க்கு 81 பேர் பெயில். படிப்பில் உலகமே வாய்பிளந்து பார்க்கிற தென் கொரியாவில் 94 பேர் பெயில். இந்தியாவில் 74. உலக சராசரியைவிட நாம் மேல் என்று சந்தோஷப்படலாம். நானும் அந்தக் காலத்தில் கணக்குப் பாடத்தில் இப்படித்தான், பெயிலானவர்களில் முதலாவதாக வருவேன்.

இந்தியா ஏன் கொஞ்சம் தேவலை என்பதற்கு அந்த ஆய்வாளர்களே காரணம் ஊகித்திருந்தார்கள். பையன்களுக்குக் கிரிக்கெட். சரி, ஒத்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளுக்கு? வீட்டு வேலை.

என் அக்கா இந்த ஆய்வைப் படித்ததில்லை. படித்தால் சிரிப்பாள் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் குடிதண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர்தான். வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி, பொட்டலைக் கடந்து, கம்மாய்க்கரையை ஒட்டிப் போக வேண்டும். விடியக்காலையில் கோழி கூவும்போது கிளம்பினால் வெளிச்சம் வருவதற்குள் வீட்டுத் தொட்டியும் மாட்டுத் தொட்டியும் நிறைந்திருக்கும். தலையில் சும்மாடு கூட்டி ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். பித்தளைக் குடம் என்பதால் வெறுங்குடத்துக்கே ஒரு கனம் உண்டு. ஊருணிப் படி பாசி பிடித்து வழுக்கும். நிறைகுடத்தோடு அதில் ஏறுகிறவள் கட்டைவிரலைத்தான் முதலில் ஊன்றுவாள். அக்காவுக்கு அந்தக் கட்டைவிரல் இன்றைக்கும் கொஞ்சம் அகன்றுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்டுக்கல், அம்மி, வாசல் கூட்டல். உலக சுகாதார நிறுவனத்தின் 60 நிமிஷத்தைப் பள்ளிக்கூட முதல் மணி அடிப்பதற்குள் அவள் முடித்துவிட்டு மிச்சமும் வைத்திருப்பாள்.

அவள் பள்ளிக்கூட எறிபந்து அணியிலும் இருந்தாள். நன்றாகவே ஆடுவாள், கை நீளம். ஒன்பதாம் வகுப்பில் பெரியவளானாள். குச்சு கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சீர் வைத்து, எல்லாம் முடிந்து அவள் தாவணியோடு பள்ளிக்குத் திரும்பியபோது எறிபந்து முடிந்துபோயிருந்தது. யாரும் தடுத்ததாக ஞாபகம் இல்லை. தடுக்க அவசியமே இல்லை, அது அப்படித்தான். ஆனால் தண்ணீர் முடியவில்லை. வயசுக்கு வந்த பெண் பொட்டலில் பந்தைத் துரத்தி ஓடினால் ஊர் பேசும். அதே பெண் அதே பொட்டலை இரண்டு குடத்தோடு கடந்தால் ஊர் வழிவிடும்.

அவளுக்கு மறுபடி ஒரு விளையாட்டு கிடைத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் கூடவே பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய் ஆம்பளைங்க சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் அப்போது எழுதியிருக்கிறார். அக்காவும் கைப்பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பழைய எறிபந்து மைதானத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்து விழுந்து கற்றுக்கொண்டாள். ஊர் பேசியது. இந்தத் தடவை பேசியவர்கள் பேச்சு எடுபடவில்லை, அவர்கள் வீட்டுப் பெண்களும் மைதானத்தில்தான் இருந்தார்கள்.

இப்போது அக்காவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்குள் குழாய், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின். அவள் மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்து கட்டிவிட்டாள். அது காலடி எண்ணும், தினம் 10,000 நடக்க வேண்டும். இந்தப் பத்தாயிரத்தை எந்த டாக்டரும் ஆராய்ந்து சொல்லவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் காலடிமானி விற்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கே பத்தாயிரம் அடி அளவி என்று அர்த்தம். விற்பனைக்கு வைத்த எண் வேதவாக்காகி, அறுபது வருஷம் கழித்து எங்கள் அக்காவை மொட்டை மாடியில் சுற்றவிட்டிருக்கிறது.

ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்கா பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை லாரிக்குப் போய் வந்தாள். போன தூரத்துக்குக் காலடி எண்ணிக்கை ஏறவே இல்லை. மணிக்கட்டுக் கடிகாரம் கை வீசுவதை வைத்துத்தான் காலடியை எண்ணுகிறது. இடுப்பில் குடத்தை அணைத்த கை வீசாது. போனில் என்னிடம் சொன்னாள். "எந்தக் காலத்துலடா நம்ம செஞ்சதை எவன் கணக்குல வச்சான்? இது மட்டும் வச்சிருமாக்கும்."

பையன்கள் கதை இவ்வளவு கனமானதில்லை. எங்களுக்கு வீட்டில் பெயர் ‘ஓடு’. ஓடிப்போய் வெற்றிலை வாங்கிட்டு வா, ஓடிப்போய் மாமா வீட்ல சொல்லிட்டு வா, ஓடிப்போய் மாடு எங்க மேயுதுன்னு பாரு. ஒரு இடத்துல உட்காரச் சொன்ன அதே வாய்கள்தான். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் வரிசையில் இடம் பிடிக்கப் போய், இடத்துக்குக் கல் வைத்துவிட்டு, பக்கத்துப் பொட்டலில் கிட்டிப்புள் ஆடி, வரிசை நகர்கிற சத்தம் கேட்டதும் ஓடி வந்து, மறுபடி ஓடி. மாலையில் பச்சைக்குதிரை, கிளித்தட்டு, சடுகுடு. நுங்கு சீசனில் நுங்கு வண்டி. தேய்ந்த சைக்கிள் டயர் கிடைத்தவன் அந்த வருஷத்துச் சீமான். ஒரு மணி நேர வாடகைக்குப் பெரிய சைக்கிள் எடுத்து, சீட் எட்டாமல் பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிப்போம். ஒருவன் ஓட்ட மற்ற மூன்று பேரும் கூடவே ஓடுவார்கள், ஏனென்றால் வாடகை நாலு பேர் காசு. ஓட்டியவனைவிட ஓடியவனுக்குத்தான் அதில் பயிற்சி அதிகம்.

இதையெல்லாம் நான் மகனிடம் சொல்வேன். எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். பள்ளிக்கு அவ்வளவு தூரம் நடந்தோம், மழையில் நடந்தோம், செருப்பில்லாமல் நடந்தோம். ஒருமுறை அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான். "பஸ் இருந்திருந்தா நடந்திருப்பீங்களாப்பா?"

அது சரியான கேள்வி. பஸ் இருந்திருந்தால் ஏறியிருப்போம். வசதி வந்த வீட்டுப் பையன் எங்கள் வகுப்பிலேயே ஒருவன் இருந்தான், அரிசி ஆலைக்காரர் மகன். அவன் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்குவான். அவனைப் பார்த்து நாங்கள் பரிதாபப்பட்டோமா என்ன? நாங்கள் யாரும் சுறுசுறுப்பு என்ற குணத்தோடு பிறந்தவர்கள் இல்லை. உட்கார இடமில்லாமல் ஓடினோம். வீட்டில் ஒரே நாற்காலி, அது அப்பாவுடையது.

ஆரோக்கியம் என்று இன்று வாட்ஸாப்பில் உருகுகிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புப் படத்தில் எல்லோரும் ஒல்லி. பாதிப் பேர் ஓடியாடியதால் ஒல்லி இல்லை. வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, 1984-ல் அதைப் பதினைந்து வயசுப் பிள்ளைகள் வரை நீட்டியது நாங்கள் ஆரோக்கியமாக இருந்ததாலா? தட்டோடு வரிசையில் நின்று, சாம்பார் சாதத்தைத் தின்று முடித்த பிறகுதான் சில பேருக்கு விளையாடவே கால் எழும். வயிற்றில் பூச்சி, தலையில் பேன், முழங்காலில் ஆறாத புண். கிட்டிப்புள் பட்டு ஒரு கண் போன பையன் எங்கள் தெருவிலேயே உண்டு. பொற்காலம் என்று சொல்கிறவர்கள் அவனையும் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு? இருந்தது. டிரில் மாஸ்டர் என்ற பி.டி. வாத்தியார் இருந்தார். விசில் இருந்தது. வாலிபால் ஒன்றும் இருந்தது. அது தலைமை ஆசிரியர் அறையின் இரும்பு பீரோவில், வருகைப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில், காற்று இறங்கிக் கிடக்கும். இன்ஸ்பெக்ஷன் வரும்போது சைக்கிள் கடையில் காற்றடித்து வெளியே எடுப்பார்கள். நாங்கள் அன்று மட்டும் வெள்ளைச் சட்டையில் வலையின் இரு பக்கமும் நின்று பந்தைத் தொட்டுப் பார்ப்போம். அதிகாரி ஜீப் கிளம்பியதும் பந்து பீரோவுக்குப் போய்விடும். மற்ற நாளில் பி.டி. வாத்தியாரின் வேலை, தாமதமாக வந்தவர்களை வாசலில் முட்டிபோட வைப்பது. மைதானத்தை ஓடச் சொல்வதே ஒரு தண்டனை. ஓடுவது தண்டனை, உட்காருவது பரிசு என்று அத்தனை வருஷம் பாடம் நடத்திவிட்டு, பிள்ளைகள் ஏன் ஓட மாட்டேன் என்கிறார்கள் என்று கமிட்டி போடுகிறார்கள்.

மகனின் பள்ளியில் பந்துகள் தாராளம். பச்சைச் செயற்கைப் புல் விரித்த களம் உண்டு, அதன் படம் அட்மிஷன் விளம்பரத்தில் வருகிறது. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் என்று டைரியில் அச்சடித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அதில் ஒன்றைக் கணக்கு மிஸ் கடன் வாங்கினார். திருப்பித் தந்ததாகத் தகவல் இல்லை. இன்னொன்றில் நீட் அடிப்படைப் பயிற்சி. சனிக்கிழமையும் உண்டு. இந்த அட்டவணையைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டியபோது நாங்கள் கைதட்டினோம்.

உடம்புக்கு இந்த அட்டவணை தெரிந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கும். கனடாவில் சஸ்காட்செவான் மாகாணத்தில் பிள்ளைகளின் எலும்பை வருஷா வருஷம் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவர் வளர்ந்து ஆளான பிறகு உடம்பில் இருக்கும் எலும்புத் தாதுவில் கால் பங்கு, வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே வருஷத்தில் சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்குப் பன்னிரண்டரை வயசு ஒட்டி, பையன்களுக்குப் பதினான்கு ஒட்டி. குதித்துக் குதித்து இறங்கும்போது விழும் பளுவைப் பார்த்துத்தான் எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கொள்கிறது. பச்சைக்குதிரையும் நொண்டியும் அந்த வேலையைப் பார்த்தன. அது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்த இந்தக் காலத்தில், சரியாக அந்த இரண்டு வருஷத்தை எட்டாம் வகுப்பு முடிந்ததும் நீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

கண்ணும் அப்படித்தான். எங்கள் வகுப்பில் கண்ணாடி போட்டவன் ஒரே ஒருவன், அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர். மகனின் வகுப்பில் கண்ணாடி போடாத பிள்ளைகளைத் தேட வேண்டும். செல்போனால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சீனாவில் குவாங்சௌ நகரத்தில் செய்து பார்த்தது வேறு மாதிரி. சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் உள்ளே இருந்த பள்ளிகளில் 100-க்குச் சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30. 2015-ல் வெளியான முடிவு. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் சுரக்கும் டோபமின், கண் நீளவாக்கில் வளர்வதைத் தடுக்கிறது என்பது விளக்கம். வெளிச்சத்துக்கு நமக்கா பஞ்சம்? சென்னையில் பாதி வருஷம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வடகம் போடுகிறோம். ஆனால் பிள்ளை வெயிலில் நின்றால், "கறுத்துப் போயிருவடா, உள்ள வா." அப்பத்தாவும் இதையே சொன்னாள், என் மனைவியும் இதையே சொல்கிறாள். அப்பத்தா சொன்னதை நாங்கள் கேட்கவில்லை, மகன் கேட்கிறான். ஆகவே வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி பொடி, பாலில் கலந்து. ஒரு பக்கம் திரையை இழுத்துவிட்டு மறுபக்கம் மருந்துக் கடையில் சூரியனை வாங்குகிறோம்.

உட்காருவதால் ஆள் கெடுவான் என்பதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1953-ல் அவர் லண்டன் மாடி பஸ்களை எடுத்துக்கொண்டார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே மாதிரிக் குடும்பம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் ஒரு நாளில் 500 முதல் 750 படி ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. மாரிஸ் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஆராய்ந்திருந்தாலும் இதையே கண்டிருப்பார். எங்கள் கண்டக்டர் கோழிக்கூடைக்கும் சாக்குமூட்டைக்கும் நடுவே பின்படிக்கும் முன்படிக்குமாக நீந்திக்கொண்டே இருப்பார். நல்லவேளை சென்னைக்கு வரவில்லை. இங்கே கண்டக்டர் பின் படிக்கட்டுப் பக்கம் தன் இருக்கையில் அமர்ந்திருக்க, காசு கை மாறிக் கை மாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஆராய்ச்சி அங்கேயே நின்றுபோயிருக்கும்.

அரசாங்கம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவசச் சைக்கிள், சில வருஷத்தில் அரசுப் பள்ளி பதினோராம் வகுப்பில் எல்லோருக்கும் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் காலையில் சாரை சாரையாகப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் காட்சியை அதன் பிறகுதான் பார்த்தேன். அதை நான் வாய்விட்டுப் பாராட்டுவேன், அதில் கிண்டல் இல்லை. பிறகு 2011-ல் இலவச மடிக்கணினியும் வந்தது. ஓடுவதற்கு ஒன்று, உட்காருவதற்கு ஒன்று. 2019 ஆகஸ்ட் 29-ல், தியான் சந்த் பிறந்தநாளில், டெல்லியில் ஃபிட் இந்தியா இயக்கத்தைத் தொடங்கினார்கள். மறு வருஷம் மார்ச்சில் நாட்டையே வீட்டுக்குள் பூட்டினார்கள்.

அந்தப் பூட்டின்போது மகன் சின்னப் பையன். பள்ளி ஆன்லைனுக்குப் போனது, பி.டி. வகுப்பும் போனது. பி.டி. சார் தன் வீட்டு ஹாலில் நின்று குதிப்பார், பிள்ளைகள் தங்கள் வீட்டில் குதிக்க வேண்டும். கேமராவைக் கட்டாயம் போட வேண்டும் என்று உத்தரவு. அத்தனை பிள்ளைகளும் கேமராவைப் போட்டார்கள், மேல்பக்கம் திருப்பி. திரை முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிகளைப் பார்த்துக்கொண்டே அந்த மனிதர், "வெரி குட், இன்னும் வேகமா" என்று மூச்சு வாங்கக் கத்துவார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "யாரோ குதிக்கிறாங்களே" என்று புகார் சொன்னார். அது நான் கீழே விழுந்த சத்தம், மகன் குதித்தது இல்லை.

அந்த வருஷம் பெரிய பையன்கள் எல்லோரும் பப்ஜி என்ற செல்போன் விளையாட்டில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். விமானத்திலிருந்து குதிக்கிறான். எட்டுக் கிலோமீட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் தீவு. அதில் மலை ஏறுகிறான், ஆற்றை நீந்திக் கடக்கிறான், சுவர் தாண்டுகிறான், நெல் வயல் மாதிரி ஒன்றில் தவழ்கிறான், மூச்சு வாங்குகிறது, கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடுகிறான். நாங்கள் கம்மாய்க்கரையில் செய்த அத்தனையும் அதில் இருந்தது. செய்தவன் பீன் பேக்கில் புதைந்திருந்தான், இரண்டு கட்டைவிரல் மட்டும் அசைந்தது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. எங்கள் குடியிருப்புத் தாய்மார்கள் கேசரி கிளறாத குறை. அடுத்த வாரமே பையன்கள் வேறொரு விளையாட்டில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள், உட்கார்ந்தபடி.

சரி, எழுந்து வெளியே போ என்றால் எங்கே போவான்? அவனுக்குக் கியர் வைத்த சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அது பால்கனியில் நிற்கிறது, ஹேண்டில் பாரில் ஈரத் துண்டும் பாரில் பள்ளிக் காலுறைகளும் காய்கின்றன. கீழே சாலையில் தண்ணீர் லாரியும் மண் லாரியும் போகிற வேகத்தைப் பார்த்தால் நானே அவனை அனுப்ப மாட்டேன். பின்பக்கம் நாங்கள் குடிவந்தபோது ஒரு காலி மனை இருந்தது, முள்வேலி போட்டார்கள். எதிரே இருந்த பூங்காவில் நடைபாதை போட்டு, அதில் பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி சுற்றுகிறோம். ‘பந்து விளையாட அனுமதி இல்லை’ என்ற பலகை வாசலில் இருக்கிறது, எங்கள் மேல் பந்து பட்டுவிடும் என்று.

ஆகவே கடைசியாகக் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில் பிள்ளைகள் உடல்நலம் பேசப்பட்டது. எல்லோருக்கும் ஒரே கவலை. இந்தக் காலத்துப் பசங்க நகர மாட்டேங்குறாங்க. ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து அதைப் பேசினோம். முடிவில் இரண்டு தீர்மானம் நிறைவேறியது. உள்ளே நடைபாதையில் பந்து விளையாடுவதால் கண்ணாடிகள் உடைகின்றன, இனி கூடாது. இரண்டாவது, குடியிருப்போர் நலன் கருதி உடற்பயிற்சிக் கூடத்துக்கு இரண்டு டிரெட்மில் வாங்குவது, பாதுகாப்புக் கருதி பதினெட்டு வயசுக்குக் கீழ் உள்ளவர்களை அனுமதிப்பதில்லை. செயலாளர் நன்றியுரை, சமோசா, டீ.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி கார் நிறுத்தத்துக்கு இறங்கினேன். அடித்தளம், வெளிச்சம் குறைவு. தூணுக்குப் பின்னால் யாரோ, "தள்ளு தள்ளு, ஆள் வருது" என்றார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பையன்களும் பெண்களும். என் மகன் சட்டை தொப்பலாக நனைந்து, கண்ணாடி மூக்கு நுனியில் வழுக்கி நிற்க, ஒரு டென்னிஸ் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். டியூஷன் விட்டு வந்தும் வீட்டுக்கு வராமல் அந்த நேரத்தில் அவன் எங்கே போகிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. சரிவுப் பாதையின் மேல்முனையில் வாட்ச்மேன் அண்ணன் காவல், செயலாளர் வண்டி கேட்டுக்குள் நுழைந்தால் டார்ச்சை இரண்டு தரம் அணைத்துப் போடுவார். அவருக்கு அதற்குப் பதிலாக வார இறுதியில் இரண்டு ஓவர் பேட்டிங்.

விதிகளை ஒரு சின்னப் பெண் எனக்கு விளக்கினாள், எட்டு வயசு இருக்கும், அவள்தான் அம்பயர். பந்து தரையோடுதான் போக வேண்டும். தூண் மேல் நேராகப் பட்டால் நாலு ரன். மேலே போகும் தண்ணீர்க் குழாயில் பட்டால் அவுட், அடித்தவன் ஒரு வாரம் பந்து பொறுக்க வேண்டும். நிற்கிற கார் மேல் பட்டால் அவுட். ஹாரன் அடிக்க ஆரம்பித்தால் எல்லோரும் அவுட், படிக்கட்டு வழியாக ஓடிவிட வேண்டும், லிஃப்டில் ஏறக் கூடாது, அதில் கேமரா இருக்கிறது. ஆறு மாடி வரை ஓடி ஏறியிருக்கிறார்களாம்.

"செயலாளர் அங்கிள் கார் மேல பட்டா?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அங்கிள், அன்னைக்கு இங்க யாரும் விளையாடவே இல்ல."